குழந்தைக்கு வயிறு சரியில்லை: எந்தப் பால் பவுடரை வாங்குவது?

என் இரண்டாவது மகனுக்கு எட்டாவது வாரத்தில் டப்பாப் பால் தொடங்கினேன். அடுத்த ஐந்து வாரங்களில் நான்கு டப்பாக்கள் மாற்றினேன். முதல் டப்பாவைக் குடித்துப் பத்தாம் நாள் மலத்தில் சளி கலந்து வந்தது. லாக்டோஸ் சேரவில்லை போலிருக்கிறது என்று மருந்துக்கடையில் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவது, உறவினர் ஒருவர் சொன்னது. நான்காவது, பக்கத்து வீட்டு ஆயாவின் பேத்திக்கு ஒத்துக்கொண்டது. அதற்குள் துணியில் ரத்தக் கோடு தெரிந்துவிட்டது. வடசென்னையில் நான் இருக்கும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நான்கு டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு குழந்தைகள் மருத்துவரிடம் ஓடினேன். அவர் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "நான்கிலும் இருப்பது அதே பசும்பால் புரதம்தானே, அம்மா" என்றார்.

பெயரைத்தான் நான் மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்ததை மாற்றவே இல்லை. முதல் முறையாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் அந்த ஐந்து வாரங்களை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வகை தெரிந்துவிட்டால் பெயர் தானாக வந்துவிடும்.

முதல் படி: டப்பா உண்மையிலேயே வேண்டுமா?

எங்கள் பகுதியில் தாய்ப்பால் போதவில்லை என்ற முடிவு பெரும்பாலும் மாலை நேரத்தில், அழும் குழந்தையின் முகத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது. மாலையில் குழந்தை அடுத்தடுத்து மார்பைத் தேடுவது இயல்பு. பால் வற்றிவிட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை. முதல் வாரம் கடந்தபின் ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா, அதன் பிறகு நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை ஏறுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது. எடை பார்க்கச் செலவில்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை வயிறு சரியில்லாத குழந்தைக்கு இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுரந்தாலும் அதை நிறுத்தாதீர்கள். பால் குறைந்துவிட்டவர்களுக்கும் குழந்தையை அடிக்கடி மார்பில் போடப் போட மீண்டும் ஊறுவது உண்டு. ராயபுரம் அரசு மகப்பேறு மருத்துவமனையிலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ பிரசவம் ஆனவர்கள், டப்பா வாங்கும் முன் அங்குள்ள செவிலியரிடம் குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆனால் டப்பாப் பால் தேவைப்படும் தாய்மார்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை; கவனத்துக்குத்தான் இடம் உண்டு.

இரண்டாம் படி: வயிற்றில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது

"பால் மாந்தம்" என்று ஒரே சொல்லில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பால் வகையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

பால் கக்குவது. குடித்ததும் ஓரத்தில் வழியும். ஏப்பத்தோடு தயிர்போலத் திரிந்து வரும். குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது, எடையும் ஏறுகிறது என்றால் இது நோயே இல்லை. நான்காம் மாதத்தையொட்டி அதிகமாகி, உட்காரவும் நிற்கவும் பழகப் பழகக் குறைந்து, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் நின்றுவிடும்.

விடாத அழுகை. நன்றாகக் குடித்து வளரும் குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் அழுவதை வயிற்று வலி அழுகை என்று சொல்வது வழக்கம். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். அது அடங்கும் வாரத்தில் எந்த டப்பா கையில் இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது! பக்கத்து வீட்டுப் பேத்திக்கு ஒத்துக்கொண்ட கதை இப்படித்தான் பிறக்கிறது.

முக்குவது. முகம் சிவக்கப் பத்து நிமிடம் முக்கி, அழுது, கடைசியில் இளகிய மலம் போனால் அது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்திக் கீழே தளர்த்தும் வித்தையை உடம்பு இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. மலம் ஆட்டுப் புழுக்கைபோல இறுகி வந்தால்தான் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, சில நாட்கள் மலம் கழிக்காமல் இருப்பதும் உண்டு. டப்பாப் பாலில் இரும்புச்சத்து சேர்த்திருப்பதால் மலம் கரும்பச்சையாகப் போவதும் இயல்பு.

வயிற்றுப்போக்குக்குப் பின் தொடரும் புளித்த, நுரைத்த மலம். பேதி வந்து குடலின் உட்பூச்சு புண்ணாகும்போது, பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி சில நாட்கள் குறைந்துபோகும். ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து வெந்துபோகும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். பிறவியிலேயே லாக்டோஸைச் செரிக்க முடியாத குழந்தை மிக மிக அரிது.

பசும்பால் புரத ஒவ்வாமை. என் மகனுக்கு இருந்தது இதுதான். மலத்தில் சளி, ரத்தக் கோடு, தொடர்ந்த வாந்தி, கன்னத்திலும் மடிப்புகளிலும் கரப்பான் போன்ற சொறி, எடை ஏறாமை. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வரும். சிலருக்குப் பால் குடித்த சற்று நேரத்திலேயே தடிப்பும் முகவீக்கமும் வரும். அது அவசர நிலை.

லாக்டோஸ் பாலின் சர்க்கரை. ஒவ்வாமை உண்டாக்குவது பாலின் புரதம். இரண்டும் வேறு. இந்த ஒரு வேறுபாடு எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டாவது டப்பாவை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

டப்பாவைப் பற்றியே யோசிக்கக் கூடாத நேரங்கள்

பச்சை நிறத்தில் வாந்தி. பீச்சியடிக்கும் வாந்தி, அதுவும் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள். சுண்ணாம்புபோல வெளுத்த மலம். விட்டு விட்டுக் காலை மடக்கி வீறிட்டு, இடையில் துவண்டுபோய், ரத்தமும் சளியுமாக மலம் போவது. உச்சிக்குழி உள்ளே போவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமல் இருப்பது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல். வயிறு உப்பிக் கல்போல இருப்பது. பால் குடிக்கவே மறுத்துத் தூங்கிக்கொண்டே இருப்பது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனை. தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கத்திலிருந்து மெட்ரோ ரயிலில் சென்ட்ரல் வந்து மாறிப் போகலாம். குழந்தை துவண்டிருந்தால் ரயிலுக்குக் காத்திருக்காமல் 108 ஐ அழையுங்கள். எங்கே காட்டுவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

மூன்றாம் படி: கலக்கும் விதத்தைச் சரிபார்ப்பது

வயிற்றுக் கோளாறோடு வரும் டப்பாப் பால் குழந்தைகள் பலருக்குக் கோளாறு டப்பாவில் இல்லை, கலப்பதில் இருக்கிறது. ஆகவே வகையை மாற்றும் முன் மூன்று நாட்கள் கலப்பதை மட்டும் கண்டிப்பாகச் சரிசெய்யுங்கள்.

முதலில் தண்ணீர். எங்கள் தெருக்களில் அடிபம்புத் தண்ணீரும் வரும், லாரித் தண்ணீரும் வரும், கேன் தண்ணீரும் வரும். கேன் தண்ணீர் சுத்தமானது, கொதிக்கவைக்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். பால் பவுடரும் கிருமியே இல்லாத பொருள் இல்லை. அதனால்தான் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே தூளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். கொதித்த ஒரு லிட்டர் தண்ணீரை மூடிவைத்தால், அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட வேண்டும். பிறகு புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு தூள். மாற்றிச் செய்தால் பால் கெட்டியாகிவிடும். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. ஆனால் உங்கள் டப்பாவில் எழுதியிருப்பதே கணக்கு. ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். கரண்டியைக் குவிக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். தூள் கூடினால் மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும்.

தூளைக் குறைப்பதைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கில், நாளொன்றுக்கு 750 மில்லி வேண்டும். அதற்கு ஏறக்குறைய 100 கிராம் தூள் போகும். 400 கிராம் டப்பா நான்கு நாளில் தீர்ந்துவிடும். தினக்கூலி வாங்கும் வீட்டில் இது என்ன சுமை என்று எனக்குத் தெரியும். ஐந்து கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று போடும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைமேல் அன்பில்லாதவர்கள் இல்லை அவர்கள். ஆனால் அப்படித் தண்ணீர்விட்ட பால் குழந்தையை மெலியவைக்கும். ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பே வரலாம். முழு அளவுக்குப் பணம் இல்லையென்றால் அதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தாய்ப்பாலைப் பெருக்குவதிலிருந்து வேறு வழிகள் வரை அவர்களுக்குத் தெரியும்.

கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய்வைத்துக் குடித்ததில் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் அது கெடுவதற்கு நேரமே ஆகாது. வெளியே போகும்போது ஃபிளாஸ்கில் வெந்நீரும் உலர்ந்த சிறு டப்பாவில் அளந்த தூளும் தனித்தனியாக எடுத்துப் போங்கள்.

புட்டியைவிட, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடை மேல். கழுவுவது எளிது, ரப்பர் காம்பின் இடுக்கில் அழுக்கு தங்கும் பேச்சே இல்லை, காற்றையும் குழந்தை அதிகம் விழுங்காது. புட்டிதான் என்றால் குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, காம்பு முழுக்கப் பால் நிறைந்திருக்கும்படி சாய்த்து, நடுவில் நிறுத்தி நிறுத்திக் கொடுங்கள். முடித்ததும் ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டி, இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தியே வைத்திருங்கள். கக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதுவே மருந்து என்பது என் எண்ணம்.

இதோடு சேர்த்து, ஆறு மாதத்துக்குள் வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், உரைமருந்து, வசம்பு, நாக்கில் தேன், தெருவில் விற்று வரும் கழுதைப் பால், இவை எல்லாமே. தேனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நச்சு நோய் வரலாம். தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போகும் அந்த அரைநாளில் உண்மையான நோய் முற்றிவிடும். பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மருத்துவமனைக்கு அவர்களையும் கூட அழைத்துப் போங்கள். என் மாமியார் மருத்துவர் வாயால் கேட்ட பிறகு வசம்புக் கட்டையை எடுத்து வைத்தவர்தான், மறுபடி தொடவே இல்லை.

நான்காம் படி: எந்தக் கோளாறுக்கு எந்த வகை

சாதாரணப் பால் பவுடர். பசும்பாலைக் குழந்தைக்கு ஏற்றபடி மாற்றி, இரும்பும் வைட்டமின்களும் சேர்த்தது. கக்கல், வாயு, அழுகை, முக்கல் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதுவே போதும். டப்பாவில் 1 என்ற எண் இருந்தால் பிறந்தது முதல் ஆறு மாதம் வரை. 2 என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு. வயிறு சரியில்லாத மூன்று மாதக் குழந்தைக்கு, கெட்டியாக இருக்கும் என்று 2 ஐக் கொடுப்பது தவறு.

லாக்டோஸ் நீக்கியது. பேதிக்குப் பிறகு நாள்பட நீடிக்கும் நுரைத்த மலத்துக்கு, மருத்துவர் சொன்னால், சில வாரங்களுக்கு மட்டும். இதிலும் பசும்பால் புரதம் முழுதாக இருக்கிறது. ஒவ்வாமைக்கு இது உதவாது. சாதாரணப் பேதிக்குத் தாய்ப்பாலையோ கொடுத்துவந்த பாலையோ நிறுத்த வேண்டியதும் இல்லை; உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும்.

கக்குவதைக் குறைக்கும் கெட்டிப் பால். அரிசி மாவுச்சத்தோ வேறு கெட்டிப் பொருளோ சேர்த்தது. கக்கிக் கக்கி எடை ஏறாத குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தருவது. குறைமாதக் குழந்தைக்கு வேண்டாம். வீட்டில் நீங்களாகவே பாலில் அரிசி மாவோ பிஸ்கட் தூளோ கலந்து கெட்டியாக்காதீர்கள்.

புரதத்தைப் பாதி உடைத்தது. எளிதில் செரிக்கும் என்று சொல்லி விற்கப்படுவது. என் மூன்றாவது டப்பா. உடைந்தது பாதி என்பதால் ஒவ்வாமையுள்ள குடல் மிச்சத்தை அடையாளம் கண்டுவிடும். அதற்கு இது மருந்தாகாது.

புரதத்தை முழுக்க உடைத்தது. பசும்பால் புரத ஒவ்வாமைக்குப் பொதுவாக முதல் தேர்வு இதுதான். கசப்பு வாடை அடிக்கும், விலை சாதாரண டப்பாவைப்போலப் பல மடங்கு. என் மகன் முதல் இரண்டு நாள் துப்பினான். பசியெடுத்த வேளையில், பாலாடையில் சிறிது சிறிதாகக் கொடுத்தபோது மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டான். மிகக் கடுமையான ஒவ்வாமைக்கும், இதுவும் சேராத சிலருக்கும், புரதத்துக்குப் பதிலாக அதன் மிகச் சிறிய கூறுகளை மட்டும் கொண்ட அமினோ அமிலப் பால் என்று ஒன்று உண்டு. அது இன்னும் விலை கூடியது, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாதது.

சோயா. பசும்பாலே இல்லாதது, விலையும் தாங்கக்கூடியது. ஆனால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் பரிந்துரைப்பதில்லை. பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதிக்குச் சோயாவும் சேராது. மருத்துவர் கணக்குப் போட்டுச் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளும் என்ற பேச்சு வியாசர்பாடி முதல் எண்ணூர் வரை உண்டு. ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதமும் மிக நெருங்கியவை. ஒன்று சேராத குழந்தைக்கு மற்றதும் பெரும்பாலும் சேராது. ஆவின் பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து ஒரு வயதுக்கு முன் முக்கிய உணவாகக் கொடுப்பதும் கூடாது. இரும்பு போதாமல் ரத்தசோகை வரும், சிறுநீரகத்துக்கும் சுமை.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கே மலத்தில் ரத்தம் வந்தால்? டப்பாவுக்குத் தாவ வேண்டாம். தாய் பால், தயிர், மோர், நெய், பால் சேர்த்த டீ எல்லாவற்றையும் இரண்டு முதல் நான்கு வாரம் விட்டுப் பார்ப்பதே முதல் வழி. கால்சியம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் நிற்கும்போது

டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பால் திடப்பொருள் (milk solids), மோர்ப்புரதம் (whey protein), கேசீன் (casein) என்று இருந்தால் பசும்பால் புரதம் இருக்கிறது என்று பொருள். 'பாதி உடைத்தது' (partially hydrolysed), 'முழுக்க உடைத்தது' (extensively hydrolysed) என்ற சொல்லைத் தேடுங்கள். சந்தேகம் என்றால் மருத்துவர் சீட்டைக் கடைக்காரரிடம் காட்டி, அதே வகைதானா என்று கேளுங்கள். அது இல்லை, இதுவும் அதேபோலத்தான் என்று வேறொன்றை நீட்டினால் வாங்காதீர்கள். காலாவதி நாளையும் டப்பா நசுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதி, டப்பாவில் சொல்லியிருக்கும் வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி, பரிசு கொடுப்பதையும் 1992 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடைசெய்கின்றன. யாராவது இலவச டப்பா நீட்டினால் அது உங்கள் குழந்தையின் வயிற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இல்லை.

ஐந்தாம் படி: மாற்றியபின் பொறுத்திருப்பது

நான் செய்த பெரிய பிழை அவசரம். ஒரே வகைக்குள் மாற்றினாலும் ஒன்றிரண்டு வாரம் கொடுக்காமல் எதையும் முடிவுசெய்ய முடியாது. முதல் சில நாட்கள் மலத்தின் நிறமும் மணமும் மாறும்; அதைப் பார்த்துப் பயந்து அடுத்த டப்பாவுக்கு ஓடாதீர்கள். ஒவ்வாமைக்கான பாலென்றால் பழையதை முழுக்க நிறுத்திவிட்டு, இரண்டு முதல் நான்கு வாரம் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு பழைய நோட்டில் நேரம், குடித்த அளவு, வாந்தி, மலம், சொறி என்று ஒரு வரி எழுதிவந்தேன். சந்தேகமான மலத்தைக் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்தேன். மருத்துவர் என் பேச்சைவிட அந்த நோட்டைத்தான் அதிகம் நம்பினார். ஒன்பதாம் நாள் ரத்தம் நின்றது. மூன்றாவது வாரம் எடை ஏறியது.

மீண்டும் சாதாரணப் பாலுக்கு

ஒவ்வாமைப் பால் வாழ்நாள் முழுவதற்கும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இதைக் கடந்துவிடுகிறார்கள். பலர் அதற்கும் முன்பே. குறைந்தது ஆறு மாதம் விலக்கிய பிறகு, ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், மருத்துவர் மறுபடி கொடுத்துப் பார்க்கச் சொல்வார். நீங்களாக ஒரு நாள் பாயசம் ஊட்டிப் பார்க்காதீர்கள். முன்பு தடிப்போ முகவீக்கமோ வந்த குழந்தைக்கு இந்தச் சோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். என் மகனுக்கு முதலில் பால் சேர்த்துச் சுட்ட ரொட்டித் துண்டு, சில வாரம் கழித்துத் தயிர், கடைசியில் பால் என்று படிப்படியாக ஏற்றினோம். ஒவ்வொரு படிக்கும் அந்த நோட்டில் ஒரு தேதி இருக்கிறது. தயிர் கொடுத்த நாளில் சொறி திரும்பியதால் இரண்டு மாதம் தள்ளிவைத்து, ஒன்றரை வயதில் மறுபடி தொடங்கினோம்.